யாரிடமும் சொல்லாதவர்கள் போகும் இடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மாடியில் உன் அண்ணனும் அண்ணியும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, கடல் தாண்டி இருந்துகொண்டே என் டிக்கெட்டை ரத்து செய்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய் என்று சென்ற செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி.

செவ்வாய்க்கிழமை காலை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். பழைய மரக் கவுண்டர் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், ஈஃபில் கோபுரப் படம் மட்டும் அதே சுவரில் வெயில் பட்டு வெளுத்துப்போய்த் தொங்குகிறது. இப்போது அங்கே மேனேஜர் யார் தெரியுமா, நம் ஜன்னல்தான். வந்தவர்களுக்கெல்லாம் ஜன்னல் சீட் கண்டிப்பா உண்டு சார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து தலையைச் சொறிவானே, அவனேதான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், டீ வரவழைத்தான், பிஸ்கட் வரவழைத்தான், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. என்னப்பா முழிக்கிறே என்றேன். மேடம், உங்க பொண்ணு போன் பண்ணாங்க, அம்மாவுக்கு மூட்டு வலி, தலைசுத்தல் வேற, பேரை எடுத்துடுங்கன்னு சொன்னாங்க, எடுத்துட்டேன் மேடம் என்றான். தலைசுத்தலா, எனக்கா, இதுவரைக்கும் இல்லை, இப்போ உன்னைப் பார்த்தாத்தான் லேசா சுத்துது என்றேன். போகிறவள் நான், பணம் கட்டியவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்க உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த ஐரோப்பா பஸ்ஸில் என் இடம் யாரோ ஒரு பல் டாக்டருக்குப் போய்விட்டதாம். பாரிஸ், சுவிட்சர்லாந்து, பைசா, எல்லா ஓட்டலிலும் லிஃப்ட், பார்க்க வேண்டிய வாசலிலேயே இறக்கிவிடுகிற பஸ், கிட்டத்தட்ட நடக்கவே வேண்டாத பயணம் அது. அதைத்தான் நீ கெடுத்தாய். உனக்கு யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. உன் அண்ணனிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதும் ஒன்றுதான்.

நீ அனுப்பிய அந்தக் கண்ணை மூடுகிற கண்ணாடியையும் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளை ஆசையாக வாங்கியது, குறை சொல்லக்கூடாது, படம் நல்ல தெளிவு. பிரமிடு முன்னால் நின்றேன். ஆனால் வெயில் இல்லை, செருப்புக்குள் மணல் இல்லை, ஒட்டகக்காரன் வந்து விலை பேசவில்லை, முன்னால் நிற்கிறவர் தலை மறைக்கவில்லை. கழற்றினால் எதிரே நம் ஃபிரிட்ஜ். படத்துல இருக்கறதுதானே நேர்லயும் இருக்கப்போகுது என்று உன் அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், நீ அதையே மெஷினாக வாங்கி அனுப்பியிருக்கிறாய். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உனக்குச் சொல்கிறேன். மனிதர்கள் அழகைப் பார்க்க மட்டும் ஊர் ஊராகப் போவதில்லை, அழகு போதுமென்றால் காலண்டர் போதும். கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எங்கே போகணும் என்று கேட்கமாட்டேன், திரும்பி வந்ததும் முதலில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்பேன். ஆபீசில் கூட வேலை பார்ப்பவர்களிடம் என்றால் பாரிஸ், ஏனென்றால் அந்தக் கோபுரத்தைப் படத்தில் பார்த்ததும் எது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். மாமியாரிடம் என்றால் சுவிட்சர்லாந்து, பனிமலையைப் பார்த்தாலே செலவு தெரியும். பிள்ளைகளிடம் என்றால் பிரமிடு, பெரியது பெரியதுதான், அதில் வாதம் கிடையாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தால் வெனிஸ், கார் போகாத சந்துகளில் வழி தவறிக் கையைப் பிடித்துக்கொண்டே அலைய வேண்டிய ஊர் அது. என் கணக்கு தப்பியது மிகக் குறைவு.

ஒரே ஒருவர் மட்டும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றார். ஒரு பாங்க் காஷியர், கூடப் பிறந்தவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், பேச்சில் உப்பும் கிடையாது, உறைப்பும் கிடையாது. அவரை ஜோர்டானில் இருக்கிற பெட்ராவுக்கு அனுப்பினேன். பாறையைக் குடைந்து கட்டிய நகரம், இரண்டாயிரம் வருடத்துப் பழமை. திரும்பி வந்தவர் நேராக என் கவுண்டருக்கு வந்து நின்றார். மேடம், அது திடீர்னு வருது என்றார். எது சார் என்றேன். இரண்டு பக்கமும் வானம் முட்டப் பாறை, நடுவில் ஒடுக்கமான வழி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறோம், ஒன்றுமே தெரியவில்லை, இன்னொரு வளைவு, இன்னொரு வளைவு, சலித்துப்போய்த் திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது பாறை இடுக்கில் ரோஜா நிறத்தில் ஒரு மாளிகையின் முகம் தெரிகிறதாம். அதற்குக் கஜானா என்று பெயர். மேலே செதுக்கியிருக்கிற கலசத்தில் புதையல் இருக்கிறதென்று நம்பி அந்தக் காலத்தில் துப்பாக்கியால் சுட்டே பார்த்திருக்கிறார்கள், குண்டு பட்ட தடம் இன்னும் இருக்கிறது. உள்ளே போனால் வெறும் அறை. ஒன்றுமில்லாத அறைக்கு உலகம் ஏன் ஓடுகிறது என்று கேட்பாய். வாசலில் இறக்கிவிட்டால் யாரும் ஓடமாட்டார்கள். நடக்க வைத்து, மறைத்து வைத்து, கடைசியில் காட்டுகிறது பார், அதற்காக. அன்றைக்கு அந்த மனிதர் ஆபீஸ் சாத்தும்வரை பேசினார், நான் ஒரு ஃபைலையும் தொடவில்லை.

ஆகவே ஜன்னலிடம் வேறு எந்தக் குழுவில் இடம் இருக்கிறது என்று கேட்டேன். அவன் என் வழக்கத்தை மறக்கவில்லை, மேடம், திரும்பி வந்ததும் முதல்ல யார்கிட்ட சொல்லுவீங்க என்று பயந்துகொண்டே கேட்டான். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்ல கான்வென்டில் சிஸ்டர் எங்களைப் பழக்கியிருக்கிறார். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, எனக்காக நானே பார்க்கப்போகிறேன் என்றேன். அதுக்கு ஒரு ஊர்தான் இருக்கு, ஆனா அங்க நிறைய நடக்கணும் மேடம் என்றான். நடக்கத்தான் போகிறேன் என்றேன். சுகமான பஸ்ஸை நீ பிடுங்கினாய், அதனால் பெட்ராவின் பாறை வழி எனக்குக் கிடைத்தது. அந்த வகையில் உனக்கு நன்றி.

உடம்புத் தகுதிக்கு டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். நம் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூட்டு நல்லாவே தேஞ்சிருக்கும்மா என்றார். உபயோகித்த சாமான் தேயும் டாக்டர், அலமாரியில் வைத்ததுதான் தேயாது என்றேன். இந்த வயசுல எதுக்கும்மா அலைச்சல் என்றார். பைசாவில் ஒரு கோபுரம் எண்ணூறு வருடத்துக்கு மேல் சாய்ந்துகொண்டே நிற்கிறது, அதைப் பார்க்க உலகமே டிக்கெட் எடுக்கிறது, நான் கொஞ்சம் சாய்ந்து நடந்தால் மட்டும் வீட்டில் உட்கார் என்பீர்களா என்றேன். கம்பவுண்டர் சிரித்துவிட்டான். டாக்டர் என்னை கிளினிக் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லிக் கூடவே வந்தார். மேலே போய் நின்றபோது மூச்சு வாங்கியது அவருக்கு. தினமும் கொஞ்சம் நடங்கள் டாக்டர் என்று சொல்லிக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா போன செய்தி உனக்குப் போனில் வந்தது, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து இங்கிருந்து போன் வந்தாலே உனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். ஆனால் யோசித்துப் பார். அப்பா எந்தப் பாறையிலும் ஏறவில்லை, எந்த விமானத்திலும் உட்காரவில்லை. நம் சாப்பாட்டு மேஜையில், தன் நாற்காலியில், ஊற்றிய டீ ஆறுவதற்குள் போனார். வீடு பத்திரம் என்று உனக்கு யார் சொன்னது? நான் இங்கே உட்கார்ந்திருந்தால் உனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும், சரி. உன் தூக்கத்துக்காக என்னால் எஞ்சியிருக்கிற காலமெல்லாம் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உன்னைப் படிக்க அனுப்பியபோது நானும் தூங்கவில்லை. அதற்காக உன் டிக்கெட்டை நான் ரத்து செய்யவில்லை.

குழந்தை இடது கையால் எழுதுகிறாள் என்று திட்டுவதாகக் கேள்விப்பட்டேன். விட்டுவிடு, அது அவள் கை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கிளம்புகிறேன். உன்னிடம் சொல்லாமலே போயிருக்கலாம், உன் அண்ணனிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒளிந்து போவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் நீ தடுக்க நினைத்தால் தடுக்கிற அளவுக்கு அவகாசம் வைத்தே எழுதுகிறேன். ஜன்னலுக்குப் போன் செய்வாய், தெரியும். என் பொண்ணு கூப்பிட்டு என் பேரை எடுக்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லு, அவ பேரைச் சேர்க்கச் சொன்னா சேர்த்துக்கோ என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். குழுவில் இன்னும் ஓர் இடம் காலி. நீ உன் ஊரிலிருந்து ஒரே ஒரு விமானம் மாறி நேராக ஜோர்டான் தலைநகர் அம்மான் விமான நிலையத்துக்கு வந்துவிடலாம், நேரமெல்லாம் பார்த்துவிட்டேன். ஒரு வாரம் குழந்தையை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், அவர் ஒன்றும் கையாலாகாதவர் இல்லை, நீதான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறாய். ஆனால் என்னைப் பிடித்துக்கொள்ள வருவதானால் வராதே. தண்ணி குடிச்சியா, மாத்திரை போட்டியா, உட்காருறியா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதானாலும் வராதே. பார்க்க வருவதானால் வா.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், சொந்தக் காலில் நின்று, நினைத்த இடத்துக்குப் போய்வந்து நீண்ட நாள் வாழ என் ஆசிகள். வருவதானால் புதுச் செருப்பு வாங்காதே, கடிக்கும், பழகியதைப் போட்டுக்கொண்டு வா. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் உன் பதில் வராவிட்டால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி ஜன்னலிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் போகிற,
உன் அம்மா