கேக் வேண்டாம் என்றாள் பவி

ஓயாமல் பேசிவிட்டு, கடைசியில் ஒரு வார்த்தை சொல்லாமல் போன என் கோமுவுக்கு,

நம் பவியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். எல்.கே.ஜி. இதைத்தான் முதலில் உனக்குச் சொல்ல வேண்டும் என்றிருந்தேன், சொல்லிவிட்டேன். ஆனால் சேர்ப்பது வேறு, பிள்ளை போவது வேறு. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் நம் வீட்டு விஷயத்தை எழுதுகிறானே என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். என்ன செய்யச் சொல்கிறாய்? நீ போனதிலிருந்து நம் வீட்டிலேயே இருக்கிற என் அக்கா சரசுவிடம் பேச வாயெடுத்தால், எனக்கு முன்னால் அவள் அழுதுவிடுகிறாள்.

நீ போன பிறகு பவி வாசலைத் தாண்டுவதில்லை. கோயிலுக்கு வா என்றால் வயிறு வலிக்கிறது என்பாள். மணிமுத்தாறு அருவிக்குப் போகலாம் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். "நீ போயிட்டு வாப்பா, நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றாள். நாலு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது?

காரணம் எனக்குத் தெரியும். ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவளை அக்காவோடு ஆழ்வார்திருநகரியில் இருக்கிற அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ரெண்டே நாளு மக்ளே. நீ திரும்பி வரும்போது அம்மா இங்கனயே நிப்பேன்" என்றாய். பொய் சொல்லவில்லை நீ. நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் தூக்கிவந்தபோது, பிள்ளை பயந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னதால் அவளுக்கு உன்னைக் காட்டவில்லை. அக்கா மட்டும் ஓடிவந்தாள். பவியை அங்கே அத்தானோடு விட்டுவைத்து, பதினாறு கழிந்துதான் கூட்டிவந்தார்கள். வந்தவள் ஒவ்வொரு அறையாக நடந்தாள். புறவாசலுக்குப் போனாள். வாழைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா எங்கே என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காத பிள்ளைக்கு என்னத்தைச் சொல்ல?

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிவிட்டது. இவளை எப்படிக் கிளப்புவது? அந்தச் சமயம் பார்த்து நீ வைத்த கோழிக்கூடு ரக வாழையின் தார் பழுக்க ஆரம்பித்தது. தக்காளிச் செடிகளை நான் தண்ணீர் விடாமல் கொன்றுவிட்டேன், திட்டிக்கொள். வாழை மட்டும் என்னை எதிர்பார்க்காமல் வளர்ந்துவிட்டது. பழத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. நீ சுடுவாயே, கருப்பட்டிப் பாகு ஊற்றி வாழைப்பழக் கேக், அதைச் சுட்டு முதல் நாள் டப்பாவில் வைத்துக் கொடுத்தால், அந்த ஆசையிலாவது போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"ஏலே, சாவு விழுந்த துட்டி வீட்டுல வருசம் திரும்பாம பலகாரம் போடலாமா? தீவாளி, பொங்கலுக்கே அடுப்புல சட்டி ஏறல. ஊரு என்ன பேசும்?"

"எக்கா, இதுக்கு எண்ணெய்ச் சட்டியே வேண்டாமே. ஓவன்லதான் வைக்கோம்."

"இனிப்பா இல்லியா, அதச் சொல்லு."

ஆனால் மறுநாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவளே சொன்னாள். "ஓவனத் தூக்கிக்கிட்டுப் போயி எஸ்தர் வீட்டுல வையி. அங்கன சுட்டு, அவ கையால கொண்டாந்து தரட்டும். மத்தவங்க கொண்டாந்தா துட்டி வீட்டுல திங்கலாம்லா."

ஆக, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போனோம். உன் ஓவனை நான் தூக்கினேன். பழம், மாவு, கருப்பட்டி எல்லாவற்றையும் அக்கா சுமந்தாள். பக்கத்து வீட்டு எஸ்தரக்கா அடுப்படியை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். "சரசக்கா, உங்க ஓவன், உங்க பழம், உங்க தம்பி கை. இதுல நான் தாரது என்ன இருக்கு?"

"கரண்டு உன்னுதுலா" என்றாள் அக்கா. நீ போன பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

முதல் கேக் நடுவில் அமுங்கிக் களியாகப் போய்விட்டது. ஜவுளிக்கடையில் பதினைந்து முழம் துணியைக் கண்ணால் அளந்து சொல்கிறவனுக்கு ஒரு டம்ளர் மாவை அளக்கத் தெரியவில்லை. இரண்டாவது தேறியது. ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வந்தது. எஸ்தரக்கா வீட்டு ஜன்னல் வழியாக வாசனை நம் புறவாசலுக்குப் போயிருக்கிறது. எட்டிப் பார்த்தேன், பவி மதிலை ஒட்டி அசையாமல் நின்றாள். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

மறுநாள் காலையில் சீருடை போட்டுவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் கையைக் காலை நீட்டினாள். ஷூவும் மாட்டியாகிவிட்டது. டப்பாவைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். மூடிவிட்டாள். குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"கேக் வேண்டாம்பா."

"ஏன் மக்ளே? அம்மா கேக்குலா."

"அத்த வீட்டுக்குப் போகும்போதும் அம்மா கேக்குதான் தந்தா. நான் போனேன். அம்மா போயிட்டா. இப்ப நீ தாரே." ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "நான் போனா நீயும் போயிருவே."

கோமு, அந்த டப்பா எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அன்றைக்கு உனக்கு நிற்க முடியவில்லை. பிள்ளை அங்கே போய் அழக்கூடாது என்று அந்தக் காய்ச்சலோடு நின்று மாவு கலக்கினாய். நான்தான் ஆட்டோ பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். பவி சொன்னதைக் கேட்டு அக்கா சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலதானலே அவகிட்ட அந்த டப்பாவ வாங்குனேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பவி அன்று போகவில்லை. கேக்கை யாரும் தொடவில்லை. சாயங்காலம் எஸ்தரக்கா வந்து, ஒன்றும் கேட்காமல் தட்டோடு எடுத்துக்கொண்டு போனாள். ஓவன் இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. வருசம் திரும்பியதும் இங்கேயே சுடலாம் என்கிறாள் அக்கா. யாருக்குச் சுட?

அன்று ராத்திரி முழுக்க எனக்கு உன்மேல் கோபம். உன்னை நினைத்து அழ வேண்டிய நேரத்தில்கூட கோபம்தான் வந்தது, பொறுத்துக்கொள். நாளைக்கு அவள் "நான் வரும்போது நீ இருப்பியா" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இருப்பேன் என்று சொல்லலாம். நீயும் அதைத்தானே சொன்னாய்? உன்னைவிடப் பெரிய சத்தியம் என்னிடம் என்ன இருக்கிறது?

மறுநாள் டப்பாவில் இட்லிதான். "உள்ள போக வேண்டாம் மக்ளே. வெளிய நின்னு பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். எவ்வளவு நேரம் யோசித்தாளோ, வந்து வண்டியில் ஏறினாள். நம் தெருமுனையைத் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்திருந்த கை இறுகியது. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினேன். பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் இறங்கி நின்று பார்த்தாள். இப்போது கேட்கப் போகிறாள் என்று நான் வண்டியை விட்டு இறங்காமல் இருந்தேன்.

கேட்கவில்லை கோமு. எட்டி, வண்டிச் சாவியை உருவினாள்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். வண்டி இங்கன நின்னா அத எடுக்க வருவேல்லா."

பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். மெதுவாக நடந்து உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் புங்கமரத்தடியில் மத்தியானம் வரை நின்றேன். "பிள்ள அழலண்ணே, நீங்க போங்க" என்று ஆயா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை அழவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியும், நான் ஏன் நிற்கிறேன் என்பது தெரியாது.

அன்றிலிருந்து இதுதான் நடக்கிறது. காலையில் அவள் சாவியை வாங்கிக்கொள்வாள். நான் டவுண் பஸ் பிடித்துக் கடைக்குப் போவேன். வண்டி வெயிலிலும் மழையிலும் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். கடை அண்ணாச்சி முதலில், "என்னவே, வண்டியப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டீராம்லா" என்று கேலி செய்தார். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "மணியடிக்கதுக்கு முன்ன போயி நில்லும். கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சாயங்காலம் வெளியே வந்ததும் பவி முதலில் வண்டியைப் பார்க்கிறாள். பிறகுதான் என்னைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சாவியைத் தருகிறாள். சிரிக்க இன்னும் வரவில்லை.

பீரோவில் அந்த வண்டிக்கு இன்னொரு சாவி கிடக்கிறது. நேற்று நனைந்து வந்ததைப் பார்த்து அக்கா, "அத எடுத்துக்கிட்டு வண்டில போயேன்லே. திரும்பக் கொண்டாந்து நிறுத்துனா பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் வார்த்தையை நம்பி ஒரு தடவை போய்விட்டு வந்தவள் நம் பிள்ளை. இப்போது வார்த்தையை அவள் கேட்பதில்லை, சாவியைத்தான் கேட்கிறாள்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். பீரோவில் இருக்கிற சாவியை நான் தொட மாட்டேன். ஒருநாள் அவளே மறந்துபோய்ச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடுவாள். அது எத்தனை வருசம் ஆனாலும் சரி, அதுவரை நான் பஸ்ஸில் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்,
பவியின் அப்பா