ஒரு முழம் குறைந்த கோடு

இல்லை, என் செல்ல அத்தா, கோடு இன்னும் போடவில்லை. சுண்ணாம்பு வாளியில் ஊறிக் கிடக்கிறது. கயிறு என் மடியில் இருக்கிறது. இன்று சனிக்கிழமை, நாளைக் காலை ஆட்டம். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் மூன்று முறை சத்தம் போட்டிருப்பீர்கள்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. நாளைக்கு உங்கள் பெயரில் ஒரு பூப்பந்துப் போட்டி. மில்லுக்குப் பின்னால் இருக்கும் நம் பொட்டலில்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண்கள் அணி வருகிறது. நம் பக்கம் ஆடப்போவது, நீங்கள் கடைசி இரண்டு வருடம் பழக்கிய செட்டியார்பட்டிப் பிள்ளைகள். உங்கள் கூட்டாளி சுப்பையா மாமாதான் எல்லாவற்றையும் பார்க்கிறார். கோடு போடுவதை மட்டும் என்னிடம் விட்டுவிட்டார்.

"அது ஒங்க வீட்டு வேலைம்மா. சம்சு அண்ணன் இருக்கையில நாங்க அந்தக் கயித்தத் தொட்டதே கெடையாது."

அதற்காகத்தான் சென்னையிலிருந்து லீவு போட்டு வந்தேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். உங்கள் கேன்வாஸ் ஷூவை மட்டும் யாருக்கும் கொடுக்க விடவில்லை. "கெடக்கட்டும், எடத்தையா அடைக்குது" என்கிறார். வாசலில் எல்லோரும் அதைத் தட்டித்தான் விழுகிறோம்.

இந்த வாரம் மலையில் மழை. அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். மாமாக்கள் இன்னும் காலை ஐந்தரைக்குப் பொட்டலுக்கு வருகிறார்கள். ஐந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்தை நாலு பேராக ஆடுகிறார்கள். புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. கேட்டால் சுப்பையா மாமா, "அஞ்சாவது ஆளு லீவுல இருக்காரு" என்கிறார். எதிர்ப்பக்கம் ஐந்து பேர். தினமும் தோற்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வருகின்றன. ஆட்டம் முடிந்ததும் நாலைந்து குடும்பங்களை வேனில் ஏற்றிச் செண்பகத்தோப்புக்குக் கூட்டிப்போவீர்கள். நம் வீட்டு நெய்ச்சோறு, மாமா வீட்டுப் புளிச்சோறு. மரத்தடியில் எல்லோரையும் உட்கார வைத்து, பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது, சாம்பல் அணில் வரும் என்பீர்கள். இரண்டாவது நிமிஷம் நீங்களே பேசிவிடுவீர்கள். "அங்க பாருங்க, வாலு எம்புட்டு நீளம்." அணில் போய்விடும். எத்தனை வருடம் போயிருப்போம். நான் இதுவரை பார்த்தது வால் மட்டும்தான்.

இந்தக் கயிறு மில்லிலிருந்து வந்தது. வெள்ளைப் பருத்திக் கயிறு. வலையிலிருந்து பின்கோடு வரை பன்னிரண்டு மீட்டர். அந்த அளவுக்கு நீங்கள் முடிச்சுப் போட்டபோது நான் ஐந்தாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி, இழுத்துக் கட்டி, நடுவில் தூக்கி ஒரு தட்டு. தரையில் கோடு விழுந்துவிடும். பிறகு கயிறு வெயிலில் காயும். அடுத்த வாரம் மறுபடியும் முக்குவது, காய்வது. பதினெட்டு வருடம்.

நீங்கள் இருந்தவரை நம் பொட்டலில் உங்கள் அணியை யாரும் ஜெயித்ததில்லை. வந்தவர்கள் அடித்ததெல்லாம் வெளியே போகும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் நீங்கள் தோற்பீர்கள். அடித்ததெல்லாம் எதிராளியின் மட்டைக்கே போய்ச் சேரும். திரும்பும் பஸ்ஸில் சுப்பையா மாமா அலுத்துக்கொள்வார்.

"அந்த ஊர்க் காத்து சரியில்லண்ணே. மலைக் காத்து பந்த அமுக்குது."

"நம்ம ஊருலயும் அதே மலதானலே?"

"மல அதேதான். காத்து வேற."

வியாழக்கிழமை காலை பொட்டலுக்குப் போனேன். உங்கள் பெண் பிள்ளைகள் அணியின் கேப்டன் ராசாத்தி பின்மூலைக்கு அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். அடித்த பத்தில் எட்டு, மங்கிக் கிடந்த கோட்டுக்கு வெளியே விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் மற்றப் பெண்கள் கை தட்டினார்கள்.

"எல்லாம் வெளிய போகுதேம்மா" என்றேன்.

"கோட்டப் பாக்காதீங்கக்கா. செங்கலப் பாருங்க."

கோட்டுக்கு ஒரு முழம் பின்னால், இரண்டு மூலையிலும் தரையோடு தரையாக ஒரு செங்கல் புதைந்திருந்தது.

"சார் வச்சது. கோடு மாமாக்களுக்கு, செங்கல் ஒங்களுக்குன்னு சொல்லுவாரு."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டோம். அவனுக கெழவனுக, நீங்க ஓடுங்கட்டின்னாரு."

கடைக்குப் போய் ஸ்டீல் டேப் வாங்கி வந்தேன். வலையிலிருந்து செங்கல் வரை பன்னிரண்டு மீட்டர். சரியாக. கோடு வரை பதினொன்றரை. வீட்டுக்கு வந்து கயிற்றை அளந்தேன். முடிச்சு வரை அதுவும் பதினொன்றரைதான். நனைந்து காய்ந்தால் பருத்தி சுருங்கும். நூலில் சோறு தின்கிற ஊரில், பதினெட்டு வருடமாக யாருக்கும் இது தோன்றவில்லை.

உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எப்போது?

இன்று காலை சுப்பையா மாமாவிடம் கேட்டேன். அவர் பந்தல்காரரைப் பற்றிப் பேசினார். மறுபடி கேட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி அண்ணனே அளந்தாரும்மா. என்ன மட்டும் கூட்டிட்டுப் போயி காட்டுனாரு. டேப்ப மறுபடி ஒருக்கா வச்சுப் பாத்தாரு. பொறவு சிரிச்சாரு. ஏலே சுப்பையா, காத்து இல்லலே, கயிறுன்னாரு."

"அப்பவே மாத்திருக்கலாமே, மாமா."

"எப்படிம்மா? எனக்கு முட்டி போச்சு. மத்தவனுகளுக்குச் சுகரு. ஒரு முழம்னா எங்களுக்கு ஒரு மைலு. அதோட, இத்தன வருஷம் ஜெயிச்சதுக்கு எவன்ட்டப் போயி என்னன்னு சொல்ல?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கயித்த வச்சே போட்ரும்மா. வாரவன் டேப்பு வச்சா பாக்கப்போறான்? அவிய பேருல நடக்குற ஆட்டத்துல அவிய கோட்டையே அழிக்கணுமா? ஊரு சிரிக்கும்."

அவர் கேட்டதில் அன்பு இருக்கிறது, அத்தா. உங்கள் பெயருக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்ற அன்பு. ஆனால் கயிற்றை வைத்துக் கோடு போட்டால், நாளைக்கு ராசாத்தி அடிக்கும் ஒவ்வொரு நல்ல பந்தும் அவுட். நீங்கள் பழக்கிய கை, நீங்கள் போட்ட கோட்டால் தோற்கும்.

இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பிளஸ் ஒன் படித்தபோது, முதல் முறையாகப் பெண்களுக்கும் ஒரு ஆட்டம் வைத்தீர்கள். நடுவர் நீங்கள். கடைசிப் புள்ளி. நான் மூலைக்கு அடித்தேன். பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. நீங்கள் யோசிக்கவே இல்லை. கை உயர்ந்தது. அவுட்.

பெத்த மகளுக்கே அவுட் கொடுத்தாருய்யா என்று பொட்டல் முழுக்கப் பேச்சு. பெருமையாகப் பேசினார்கள். அன்றோடு மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டேன். நீங்கள் அவுட் கொடுத்தது பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அதையே நீங்களும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இதை உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

பந்து எங்கே விழுந்தது என்று இப்போது யாருக்குத் தெரியும். அரை முழம் தள்ளி என்று எனக்கு நினைவு. என் நினைவு என் பக்கம்தான் சாயும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மத்தியானம் எனக்கு போன் செய்தீர்கள். வேலை நேரத்தில் நீங்கள் கூப்பிட்டதே இல்லை.

"ஏட்டி, ஒன் மட்டை எங்க கெடக்கு?"

"பரண்ல இருக்கும். ஏன்த்தா?"

"சும்மாதான். ஒனக்கு நல்ல கை, தெரியுமா."

"அத்தா, மீட்டிங்ல இருக்கேன்."

"சரி சரி. வைக்கேன்."

அளந்த அன்றுதான் கூப்பிட்டீர்களா? சுப்பையா மாமாவுக்குத் தேதி நினைவில்லை. டேப்பைச் சுருட்டும்போது என் பந்து உங்கள் ஞாபகத்துக்கு வந்ததா? அல்லது வெறுமனே மட்டையைத்தான் கேட்டீர்களா? அதற்கடுத்த மாதம் செட்டியார்பட்டிக்கு சைக்கிளில் போய், வீடு வீடாகப் பேசி, பெண் பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டி வந்தீர்கள். அம்மா சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எனக்குள் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கொஞ்சம் இருக்கிறது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களோ என்றும் இருக்கிறது. கூட்டாளிகளின் முட்டிக்காக ஒரு தப்பைப் பொத்தி வைத்தீர்கள். அந்தத் தப்பைப் பிள்ளைகளின் கையில் மட்டும் கொடுக்கவில்லை. இரண்டையும் செய்தது ஒரே ஆள். அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் சொன்ன நடுவரைவிட, அதிகமாக.

அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளைக்குப் பன்னிரண்டு மீட்டர்தான். ஆட்டம் தொடங்கும்முன் மைக்கில் நானே பேசுவேன். இந்த ஆடுகளம் இத்தனை வருடம் ஒரு முழம் குறைவாக இருந்தது, குறைத்தவர் எங்கள் அத்தா, கண்டுபிடித்தவரும் அவர்தான் என்று சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்களே சிரித்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை மாமாக்களுக்குப் பழைய கோட்டையே போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறுவேன். அவர்கள் ஆட்டம், அவர்கள் மூச்சு. ஆனால் இனி பிள்ளைகள் ஆடும் நாளில், வெளியூர்க்காரர் வரும் நாளில், கோடு அளந்துதான் விழும். நான் ஊரில் இல்லாவிட்டாலும் விழும். ராசாத்தியிடம் டேப்பைக் கொடுத்துவிட்டுப் போவேன்.

உங்கள் கோட்டை அழிக்கப்போகிறேன், அத்தா. புதுக் கோடு கோணினால் மன்னியுங்கள்.

உங்கள் ஒரே மகள்,
தாஹிரா

எழுதி முடித்ததும் டேப்பையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். சுப்பையா மாமா வலைக் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் என் கையில் இருப்பதைப் பார்த்தார். பிறகு டேப்பின் முனைக்காகக் கையை நீட்டினார். நான் மறுமுனையோடு பின்னால் நடந்து, பன்னிரண்டு மீட்டரில் ஆணி அடித்தேன்.