மச்சான், உன் நம்பருக்கு இன்னும் ஓடிபி வருகிறது

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போன சேகர் மச்சானுக்கு,

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. உன் நெட் சென்டர் வாசலில் காலையிலிருந்து செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. பக்கத்தில் என் குடோனுக்கு முந்திரி ஏற்றி வந்த லாரி, நிறுத்த இடமில்லாமல் தெருமுனையில் நிற்கிறது. டிரைவர் என்னைத் திட்டுகிறான். நான் உன்னைத் திட்டுகிறேன். நீ இருந்தபோதும் மே மாதம் வந்தால் இதே கதைதான். நீ போன பிறகாவது ஓயும் என்று நினைத்தேன்.

பூட்டிக் கிடந்த கடை எப்படித் திறந்தது என்று கேட்பாய். சொல்கிறேன். கோபமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

போன ஆனி மாதம், பிள்ளைகளுக்கெல்லாம் அப்ளிகேஷன் போட்டு முடித்த கையோடு, அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். காரியம் முடிந்த அன்றைக்கே உன் மகன் பிரபுவிடம் சொன்னேன், "அப்பா பேர்ல இருக்குற கேஸு, கரண்டு, பேங்க்கு எல்லாத்தையும் மாத்தி முடிச்சிடுடா. இழுத்துக்கினே கெடக்கக் கூடாது." நான் வியாபாரி. துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும் முடிக்க வேண்டியதை முடித்துவிட வேண்டும் எனக்கு. பிரபுவும் பொறுப்பான பிள்ளை. ஓசூர் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினான்.

உன் செல்போனை மட்டும் கலா அணைத்து, சிதம்பரம் வீட்டு பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். "அது அடிச்சா அவரே எடுப்பாருன்னு தோணுதுண்ணா," என்றாள். என் தங்கச்சி அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன பேச முடியும்?

அதற்கப்புறம்தான் பிள்ளைகள் என் குடோனுக்குப் படையெடுத்தார்கள்.

"அங்கிள், சேகர் அண்ணன் போனு உங்ககிட்ட இருக்குங்களா?"

"அவரே இல்ல. போன் எதுக்கு?"

"ஓடிபி வரும் அங்கிள்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. கவுன்சிலிங்கில் காலேஜ் பேரைக் கொடுப்பது, அந்த வரிசையை இனி மாற்றாதபடி பூட்டுவது, கிடைத்த இடத்தை ஏற்பது, எதைச் செய்தாலும் பதிவு செய்த நம்பருக்கு ஒரு ரகசிய எண் வருமாம். அதைப் போட்டால்தான் அடுத்த கதவு திறக்குமாம். நீ என்னடாவென்றால், அத்தனை பிள்ளைக்கும் உன் நம்பரையே கொடுத்து வைத்திருக்கிறாய். அந்த நம்பர் புடவைக்கு அடியில் தூங்குகிறது.

இது என்ன கூத்து மச்சான்? ஊரார் சரக்கையெல்லாம் தன் பெயரில் பில் போட்டுக்கொள்கிற வியாபாரியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

போய் போனை வாங்கி வந்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து என் பிழைப்பு கெட்டது. பண்ருட்டி மண்டியில் ஒரு பார்ட்டி விலையில் இறங்கி வருகிற நேரம் பார்த்து உன் போன் அடிக்கும். "அங்கிள், வந்துச்சா?" நான் கண்ணாடியைத் தேடி எண்ணைப் படிப்பதற்குள் அந்தப் பார்ட்டி மனசு மாறிவிடுவான். மண்டிக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. "இன்னா பழனி, முந்திரி வாங்க ஒரு போனு, சீட்டு வாங்க ஒரு போனா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஓடிபியோடு விட்டார்களா? பெற்றவர்கள் யோசனை வேறு கேட்டார்கள். நான் ஒரு மூட்டை முந்திரி வாங்குவதென்றால் கைப்பிடி அள்ளி, வெட்டிப் பருப்பைப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசுவேன். இவர்கள் பிள்ளையின் நாலு வருஷத்தைக் கொடுக்கப் போகிறார்கள். "அந்தக் காலேஜ எதப் பாத்து முடிவு பண்ணீங்க?" என்று ஒருவரைக் கேட்டேன். "பஸ்ஸு பின்னால பெருசா போட்டிருந்தாங்க சார்," என்றார். ஒரு பையன் கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஏன் என்றதற்கு, "எங்க பெரியப்பா பையன் அதான் எடுத்தான்," என்றான்.

"அவன் இப்ப என்னா பண்றான்?"

"வூட்லதான் இருக்கான்."

நீ எப்படி மச்சான் வருஷா வருஷம் இவர்களோடு மல்லுக்கட்டினாய்? அப்போதுதான் உன் கேள்வி ஞாபகம் வந்தது. எந்தப் பிள்ளை வந்து எந்தக் காலேஜ் பேரைச் சொன்னாலும், "காலையில எந்த பஸ்ஸு? வூட்ட வுட்டு எப்ப கெளம்புவே? திரும்பி வரும்போது இருட்டிடுமா?" என்று கேட்பாய். "கண்டக்டர் வேலைக்கா ஆள் எடுக்குறே?" என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். போன வருஷம் வேறு கேள்வி தெரியாமல் அதையே நானும் கேட்டேன். பாதிப் பேர் விரலை மடக்கி மணியைக் கணக்குப் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஹாஸ்டல் இருக்குற எடமா பாக்கலாங்களா?" என்று அவர்களே கேட்டார்கள்.

குடிகாடு ஜெனிபரை உனக்கு மறந்திருக்காது. கெமிக்கல் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிற அந்தோணியின் மகள். எல்லாரும் கம்ப்யூட்டர் என்று பறக்கும்போது இவள் மட்டும் கெமிக்கல் இன்ஜினியரிங்கை முதலில் போட்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொறந்ததுலருந்து அந்த வாடையிலதான் கெடக்கே. படிக்கவும் அதுதானா?"

"எங்க அப்பா வால்வ திருப்பச் சொன்னா திருப்புவாரு அங்கிள். உள்ள என்னா போவுதுன்னு அவருக்குத் தெரியாது. வூட்ல ஒருத்தராச்சும் தெரிஞ்சிக்க வேணாமா?"

அந்த வரிசையை அப்படியே பூட்டச் சொன்னேன்.

அவளுக்கு அதே படிப்பு, சென்னையில் அரசாங்கக் கல்லூரியில் கிடைத்தது. தனியார் காலேஜில் சேர்க்க அந்தோணியால் முடியாது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஏற்றுக்கொண்டதாகப் பதிய வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். உன் நம்பருக்கு லைன் கிடைக்காமல், வேறொரு நம்பருக்கு மாற்ற முந்தின நாளெல்லாம் அலைந்துவிட்டு, மதியம் குடோனுக்கு வந்து நின்றாள். நான் உன் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். இல்லை.

பிரபுவைக் கூப்பிட்டேன். "அத குளோஸ் பண்ணிட்டேனே மாமா. அப்பா பேர்ல எதுவும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

யாரைத் திட்டுவது? அருகில் இருந்தவள் ஜெனிபர்தான். அவளைத் திட்டினேன். "ஏம்மா, பிளஸ் டூ முடிச்ச பொண்ணு, உங்க அப்பா நம்பர குடுக்கணும்னு தோணல?"

அவள் அழவில்லை. நிதானமாகச் சொன்னாள். "எங்க வூட்ல ஒரே போன்தான் அங்கிள். அப்பா ஷிப்டுக்குப் போனா கம்பெனி கேட்டுல வாங்கி வெச்சிக்குவாங்க. ஓடிபி கொஞ்ச நேரந்தான் உசுரோட இருக்கும், உங்க அப்பா வெளிய வர்ற வரைக்கும் நிக்காதுன்னு சேகர் அண்ணன்தான் அவரு நம்பர போட்டாரு."

அப்புறம் மற்றவர்களை விசாரித்தேன். ஒருவன் வீட்டுப் போன் அண்ணனோடு லாரியில் வடக்கே போயிருக்கிறது. இன்னொருத்தியின் வீட்டுப் போன் அம்மாவோடு காடாம்புலியூருக்கு முந்திரி உடைக்கப் போயிருக்கிறது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் யாரோ ஒருவரோடு வேலைக்குப் போய்விடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு இருந்த இடத்திலேயே இருந்த ஒரே போன் உன்னுடையதுதான். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பக்கத்துக் கதவுதானே? தினமும் ஒன்றாகத்தானே டீ குடித்தோம்?

சரி, கதைக்கு வருகிறேன். கவுன்சிலிங் உதவி மையத்துக்குப் பேசினேன். நம்பரை மாற்றலாம், ஆனால் இன்றைக்குள் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். போன் கம்பெனிக் கடையில் கேட்டேன். மூடிய நம்பரை வாரிசு நேரில் வந்து தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பிரபு ஓசூரில். மிச்சம் கலா.

உன் கடையைத் திறந்து, தூசி தட்டி, கம்ப்யூட்டரைப் போட்டு ஜெனிபரை உட்கார வைத்து, பேசுவதற்கு என் குடோன் ஆளின் செல்லைக் கொடுத்துவிட்டு, சிதம்பரத்துக்குக் காரை விரட்டினேன். கலா அதுவரை வாசல்படி தாண்டியிருக்கவில்லை. துணைக்கு உன் அக்கா வசந்தா இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா தம்பி பேசுறீங்க? மூணு மாசங்கூட ஆவல. இது போய் கடைத்தெருவுல நிக்கிறதா? பாக்குறவங்க என்னா பேசுவாங்க?"

"பேசுறவங்க வந்து ஓடிபி குடுப்பாங்களாக்கா?"

கலா அது வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கேட்டாள், "எந்தப் பொண்ணுண்ணா?"

"குடிகாடு. ஜெனிபருன்னு பேரு."

"கெமிக்கல் வேணும்னு நின்னுச்சே, அதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்புட உக்காந்தா இதத்தான பேசுவாரு. எந்தப் புள்ள எங்க கேட்டுது, எதுக்கு அழுதுச்சு, எல்லாம் தெரியும்." எழுந்தாள். "அண்ணி, அடுப்புல கொழம்பு கொதிக்குது, பாத்துக்குங்க." செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

போன் கம்பெனிக் கடையில் ஒரு தம்பி அவள் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்தான். "கண்ண சிமிட்டுங்கம்மா. அப்பதான் எடுக்கும்." கலா சிமிட்டினாள். கண்ணில் நின்ற தண்ணீர் வழிந்தது. கேமரா ஏற்கவில்லை. "தொடைச்சிட்டு சிமிட்டுங்கம்மா." மறுபடியும் அதே. நான் வெளியே வந்து, நிறுத்தியிருந்த பைக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல்தான் கேட்டது. "கொஞ்சம் இரு தம்பி. மூஞ்சி கழுவிக்கினு வரேன்."

படம் எடுத்தாயிற்று. சிம் உயிர் பெறவில்லை. நாலு மணியும் தாண்டிவிட்டது. எனக்குக் கெஞ்சவும் தெரியும், சத்தம் போடவும் தெரியும். மேனேஜரிடம் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தேன். கலா தன் செல்லில் போட்டிருந்த அந்த சிம்மின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

சிக்னல் வந்தது. ஜெனிபரைக் கூப்பிட்டு அழுத்தச் சொன்னேன். ஓடிபி வந்து விழுந்தது. நான் கையை நீட்டினேன். கலா தரவில்லை. என் செல்லை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். "பதறாத. திருப்பிச் சொல்லு பாக்கலாம். ஆங், அதான். இப்ப அழுத்து."

அப்புறம், "ஆயிடுச்சிங்க," என்றது அந்தப் பெண். "நீங்க யாருங்க பேசுறது?"

"சேகர் அண்ணன் வூட்லருந்து பேசுறேம்மா."

நம்பரை என்னிடமே திருப்பித் தருவாள் என்று நினைத்தேன். போனைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். அடுத்த வாரம் சிதம்பரத்திலிருந்து காலை பஸ் பிடித்து வந்து உன் கடை ஷட்டரைத் தூக்கினாள். வசந்தா அக்கா அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். பிறகு எதிர்வீட்டுப் பையனுக்கு ஐடிஐ அப்ளிகேஷன் போட வேண்டும் என்று அவர்களே கூட்டிவந்தார்கள்.

போன வாரம் அந்தோணி வந்திருந்தார். மகள் லீவுக்கு வந்திருக்கிறாளாம். "ஷிப்டு முடிச்சி வந்தா தூங்க வுட மாட்டேங்குறா சார். எந்த வால்வு, எவ்ளோ சூடுன்னு கேட்டுக் கேட்டே சாவடிக்கிறா," என்றார். குறை சொல்கிற முகமாக அது இல்லை.

இந்த வருஷம் நான் ஒரு சட்டம் போட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் சொந்த வீட்டு நம்பரைத்தான் கொடுக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி மாட்டினேன். நீ செய்தது நல்லதுதான், ஆனால் ஒருத்தன் மூச்சு நின்றால் எல்லார் சீட்டும் ஆடுகிற மாதிரிச் செய்து வைத்தது சரியில்லை. இதை நீ உயிரோடு இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். கலா அட்டையைக் கழற்றிவிட்டாள். "அவுங்க வூட்டுப் போனு வேலைக்குப் போவுதுண்ணா. இது கடையிலயே இருக்கட்டும்." மல்லுக்கட்டிப் பார்த்து, கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முதல் நம்பர் கடையுடையது. கலா பெயரில் இருக்கிறது. ஆனால் உதவி மையத்தில் இரண்டாவதாக வீட்டு நம்பரும் ஏறினால்தான் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்திருக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கலா கூப்பிட்டுவிட்டாள். என் செல்லில் அந்த நம்பரை நான் மாற்றவில்லை. இன்னும் 'சேகர் மச்சான்' என்றுதான் வருகிறது. எடுத்தால், "லாரிய நாளைக்கு வரச் சொல்லுண்ணா. புள்ளைங்க வெயில்ல நிக்கிறாங்க," என்கிறாள். யார் குடோன், யார் லாரி, யார் யாருக்கு உத்தரவு போடுவது?

ஒன்று சொல்கிறேன் மச்சான், வியாபாரி வாக்கு. நான் இருக்கிற வரைக்கும் அந்த நம்பரை யாரும் மூட முடியாது. உன் பெயர் அடிக்கும்போதெல்லாம், எந்த மண்டியில் எந்த விலை பேசிக்கொண்டிருந்தாலும், திட்டிக்கொண்டே எடுப்பேன்.

லாரியை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

உன்னால் மே மாத வியாபாரம் கெட்டவனும்
கலாவின் அண்ணனுமான
உன் மச்சான்
பழனிவேல்
கடலூர் முதுநகர்