மாப்பிள்ளையும் வாலாட்டும் பொம்மையும்

ஏப்ரல் 14

வடக்கு வேலியோரம் இன்னொரு ஆட்டுக்குட்டி செத்துக் கிடந்தது. தொண்டையில் கடி. கயோட்டி நரியின் வேலைதான். ஆடுகள் குட்டி போடத் தொடங்கினால் போதும், வயோமிங் மாநிலத்தில் உள்ள நரியெல்லாம் என் பண்ணைக்கே வழி கேட்டு வந்துவிடுகின்றன. இந்த வாரம் இரண்டு முறை சுட்டேன். இரண்டும் தவறின. வெயில் கண்ணில் அடித்தது.

மகள் ஜோலின் போனில் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கண் டாக்டர்கிட்ட போனியா இல்லையா?" கண்ணில் புரை என்பது என் வயதில் எல்லாருக்கும் வருவதுதான். அதைச் சொல்லிச் சொல்லியே என் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கப் பார்க்கிறாள். "எமெட்டை அனுப்புறேன், நரியை அவர் பார்த்துக்குவார். அவரைக் கரிச்சுக் கொட்டாதேம்மா."

எமெட் அவள் புருஷன். டென்வரில் காப்பீட்டு அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்க்கிறவன். அவன் வந்து நரி சுடப் போகிறான்!

ஏப்ரல் 16

மாப்பிள்ளை வந்து இறங்கினான். வீடு மாறுகிறவன்கூட டிரக்கில் இவ்வளவு ஏற்றமாட்டான். புதிதாக நரி வேட்டைக்குப் போகிறவர்கள் குறைந்த செலவில் என்னென்ன வாங்க வேண்டும் என்று இணையத்தில் எவனோ எழுதியிருக்கிறானாம். குறைந்த செலவாம்! தலை முதல் கால் வரை புதர் நிறத்தில் உடை. துப்பாக்கிக்கு மூன்று கால் தாங்கி. மனித வாடையை மறைக்கத் தெளித்துக்கொள்ளும் தண்ணீர் — அதன் வாடையே அடுத்த மாவட்டம் வரை போகும். ரிமோட்டில் கத்தும் ஒலிப்பெட்டி. போதாததற்கு, குச்சியில் கட்டிய, முடி அடர்ந்த ஒரு வால் பொம்மை. பேட்டரி போட்டு ரிமோட்டை அழுத்தினால் அதுவும் ஆடுகிறது.

"இது எதுக்கு மாப்பிள்ளை?"

"முயல்னு நினைச்சு நரி கிட்ட வரும் அத்தை."

"நரிக்கு உங்க அளவுக்குத்தான் புத்தி இருக்கும்னு யார் சொன்னா?"

சிரிக்கிறான்.

நரி வேட்டைக்கு என்ன வேண்டும்? நேராகச் சுடும் துப்பாக்கி. முயல் அலறுவது போல ஊத ஒரு குழல். குளிர் ஏறாமல் உட்கார ஒரு மெத்தைத் துண்டு. வாய்க்கு ஒரு பூட்டு. கடைசிச் சாமான் அவனுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 17

கூட்டிக்கொண்டு போனேன், என் தலையெழுத்து. டிரக்கை மேட்டு உச்சியில் நிறுத்தினான், நரிகள் சரியாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கதவை அறைந்து சாத்தினான். தாங்கியை விரிக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டு அலறினான். அந்த அலறலுக்கே பாதி நரிகள் கிளம்பியிருக்கும். ஒலிப்பெட்டி அரை மணி நேரம் கத்தியதில், பக்கத்துப் பண்ணைப் பசு ஒன்று வந்து ஆடும் வாலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

"இதாவது வந்துச்சே அத்தை" என்று இளிக்கிறான். ரோஷம் என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை.

ஏப்ரல் 18

இன்னொரு குட்டி.

ஏப்ரல் 19

இன்றைய கூத்து. மான் வேட்டையில் ஆளையே யாரும் சுட்டுவிடாமல் இருக்கப் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை — கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு — அதைக் கத்தரித்து மேபெலுக்கு அகலமான கழுத்துப்பட்டை தைத்து மாட்டியிருக்கிறான். மேபெல் என் மந்தையின் காவல் நாய். பழுப்பு நிறம். ஆடுகளோடு வளர்ந்து ஆடுகளோடு தூங்கி, தானும் ஒரு ஆடு என்றே நினைத்துக்கொண்டிருப்பவள். அவள் இல்லாவிட்டால் பாதி மந்தை போயிருக்கும்.

"குழல் சத்தம் கேட்டா இவளும் ஓடி வருவா அத்தை. புதருக்குள்ள நரி மாதிரியே தெரியும். தப்பித் தவறி..."

"என் நாய் எது, நரி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும் அத்தை. எனக்குத்தான் பயம்."

கிறிஸ்துமஸ் மரம் மாதிரி நிற்கிறாள், பாவம். கழற்றி எறியப் போனேன். கொக்கி ரொம்பச் சின்னது, எங்கே இருக்கிறதென்றே பிடிபடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 21

இதை எழுத மனசில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் மாப்பிள்ளை எழுவதற்கு முன்பே தனியாகப் போனேன். அவனுக்கு ஒரு நரியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று. காற்று முகத்துக்கு, வெயில் முதுகுக்கு, எல்லாம் முறைப்படிதான். குழலை ஊதினேன். புதர்களுக்கு நடுவே பழுப்பாக ஒன்று பதுங்கிப் பதுங்கி வந்தது. வா ராசா, வா. துப்பாக்கி ஸ்கோப்பில் கலங்கலாகத் தெரிந்தது, பனிமூட்டம் என்று நினைத்தேன். விசையை அழுத்தத் தொடங்கிவிட்டேன்.

ஆரஞ்சு.

விரலை எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. மேபெல் ஓடி வந்து என் முகத்தை நக்குகிறாள். நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பனிமூட்டம் எதுவும் இல்லை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் பண்ணப் பார்த்தே? உன் வாய்க்கு என்ன குறைச்சல்? கண்ணு தெரியலைன்னு சொல்ல மட்டும் வாய் வரலையா?

வீட்டில் அவன் அடுப்பில் பான்கேக் வார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏதாச்சும் வந்துச்சா அத்தை?"

"மேபெல் வந்தா."

திரும்பி என் முகத்தைப் பார்த்தான். ஒரு தட்டை என் முன்னால் நகர்த்தி வைத்தான். பான்கேக் அடியில் கரிந்திருந்தது. கரிந்ததையும் விடாமல் தின்றேன்.

ஏப்ரல் 22

கண் டாக்டரிடம் தேதி வாங்கினேன். "என்னம்மா திடீர்னு?" என்று ஜோலின் கேட்டாள். சும்மாதான் என்றேன். அவன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 25

நரி செத்தது. ஒரே குண்டு. பல் தேய்ந்த கிழட்டு நரி. பெரிய இரையைப் பிடிக்க முடியாமல் குட்டிகளைத் தேடி வந்திருக்கிறது.

வாடைத் தண்ணீர் வாடைத் தண்ணீர்தான், அந்தத் தாங்கி தண்டம்தான், இதில் என் அபிப்பிராயம் மாறாது. ஆனால் டிரக்கைப் பள்ளத்தில் நிறுத்தினான். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். மேபெலைக் கொட்டகையில் கட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். பட்டையை நான் கழற்றவில்லை. துப்பாக்கி அவனிடம். நான் பக்கத்தில் மெத்தைத் துண்டில், மடியில் ரிமோட்டோடு.

"கொஞ்சம் மெதுவா ஆட்டுங்க அத்தை."

"முயல் எப்படி ஆட்டும்னு எனக்குத் தெரியாதா? நான் இந்த ஊர்ல—"

"உஷ்! பேசாதீங்க. வருது."

எங்கே என்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு வாலை ஆட்டினேன்.