பூட்டிய வேலிக்குள் காயும் தாய்ச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற அனுமதி வேண்டி

அனுப்புநர்:
லா. ஜென்சி,
நர்சரி நடத்துபவர்,
மாம்பாக்கம் சாலை, மேடவாக்கம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலைத் துறை,
தாம்பரம்.

பொருள்: கொரோனா ஊரடங்கில் சீல் வைக்கப்பட்ட நர்சரியைத் தண்ணீர் ஊற்றத் திறந்துவிடவும், நர்சரிகளுக்கும் அரசு உதவி வழங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவர் லாசரஸும் வாடகை நிலத்தில் நர்சரி வைத்துப் பிழைக்கிறோம். செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லிகைப் பதியன் ஆகியவை வளர்க்கிறோம். கணவர் கொரோனாவால் மருத்துவமனையில் இருப்பதால் இம்மனுவை நான் எழுதுகிறேன்.

2. எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை கருகிவிடும். எனவே டேங்கர் தண்ணீர்தான். லாரி உள்ளே வர வழியில்லை, அதன் குழாயும் பின்வரிசைக்கு எட்டாது. ஆகவே தொட்டிகளைச் சாலையோரம் தூக்கி வந்து நனைத்து, வடிந்தபின் உள்ளே வைப்பது வழக்கம். முழு ஊரடங்கு தொடங்கிய அன்றும் வேலைக்கு வரும் பொன்னியும் நானும் அப்படியே செய்தோம். தொட்டிகளில் செருகியிருந்த விலை அட்டைகளை எடுக்கத் தோன்றவில்லை. அதுவே வினையாகிவிட்டது. ரோந்து வந்தவர்கள் விற்பனை நடப்பதாக நினைத்தார்கள். "விக்கல சார், தண்ணிதான் ஊத்திகினு கீறோம்" என்று பொன்னி கெஞ்சியும் பயனில்லை. தொட்டிகளை உள்ளே வைக்கச் சொல்லி, கேட்டைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள்.

3. இது அக்னி நட்சத்திர வெயில். வேலிக்கு வெளியே நின்று பீய்ச்சும் தண்ணீர் முன்வரிசையோடு சரி. பின்னால் இருப்பவை தாய்ச்செடிகள். அவற்றின் கிளையை வெட்டி நட்டுத்தான் விற்கும் செடிகளை உருவாக்குகிறோம். அவை பட்டுப்போனால் ஊரடங்கு முடிந்து கேட்டைத் திறந்தும் பயனில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அவை துவள்வதைப் பார்க்கிறேன்.

4. தோட்டக்கலைக்கு விலக்கு உண்டென்று கேள்விப்பட்டு விசாரித்தேன். உங்களுடையது கடை, விவசாயம் இல்லை என்றார்கள். சரி, கடைக்காரருக்கான உதவியாவது கிடைக்குமா என்றால், செடி வளர்ப்பது விவசாயமாயிற்றே என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படிப் பந்தாடினால் யாரிடம்தான் போவது? வீட்டுக்கு வீடு செடி வையுங்கள் என்று அரசு சொல்கிறது. அந்தச் செடி எங்கிருந்து வருகிறதாம்? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

5. ஆகவே, தினமும் காலையில் சிறிது நேரம் கேட்டைத் திறந்துவிடவும், டேங்கர் தண்ணீருக்கு உதவவும், நர்சரிக்காரர்களையும் தோட்டக்கலை நிவாரணத்தில் சேர்க்கவும் தங்களை மன்றாடிக் கேட்கிறேன். காவலுக்கு ஆள் நிறுத்தினாலும் சம்மதமே.

6. இது எதற்கும் வழியில்லையென்றால், என் செடிகளை அரசே எடுத்துக்கொள்ளட்டும். பள்ளியிலோ பூங்காவிலோ எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விலையும் வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். இன்றைக்கே யாராவது தண்ணீர் ஊற்றினால் போதும்.

இடம்: மேடவாக்கம்
நாள்: 27.05.2021

தங்கள் உத்தரவுக்காக வேலியோரம் காத்திருக்கும்,
(ஒப்பம்) லா. ஜென்சி