வீரப்பனுக்கு ஒரு தே ஓ

9 ஜூன் 2024

காலையிலிருந்து மழை. இன்டர்நெட் லைன் போய்ப் போய் வந்தது. பினாங்கு ஆய்வகத்துக் கணினியில் ஓட விட்டிருந்த கணக்கு பாதியில் நின்றுவிட்டதாம். தினேஸ்வரன் போனில் சிரிக்கிறான். தேயிலைக் காட்டில் உட்கார்ந்துகொண்டு மருந்து கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நான்தானாம். அவன் இப்போது குழுத் தலைவன். நான் விட்டு வந்த இடம். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை.

வாரத்தில் ஐந்து நாள் பினாங்கு, இரண்டு நாள் இந்த மலையூர் ரிங்லெட் என்றே ஓடிய கல்யாணம் எங்களுடையது. இவர் லோரி ஓட்டிக்கொண்டு திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப்போய் கோலாலம்பூர் பாசார் சந்தையில் இறக்குவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வந்து இறங்கினால் அந்த வாரத்துக் கதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்வார். இப்போது எல்லா நாளும் இங்கேதான் இருக்கிறேன். பேச்சுதான் இல்லை. பார்க்கின்சன் முதலில் கையைப் பிடித்தது, பிறகு முகத்தை, பிறகு குரலை. எதைக் கேட்டாலும் ஒரு "ம்". அதுவும் காற்றாக வருகிறது.

நேற்று ஈப்போவுக்குக் கூட்டிப் போனேன். நடுக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையே இப்போது உடம்பைத் தென்னை மாதிரி ஆட வைக்கிறது. அந்த ஆட்டத்துக்கு டாக்டர் அமன்டடின் சேர்த்திருக்கிறார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் பாடத்திலேயே வருகிற மருந்து. ஃபுளூ காய்ச்சலுக்கென்று செய்தது. காய்ச்சலுக்காகச் சாப்பிட்ட ஒரு அம்மாவுக்கு நடுக்கம் குறைந்ததை யாரோ கவனித்தார்கள். மருந்தின் வேலையே மாறிப் போனது. ஒரே இடத்தில் போய் உட்காராமல் மூளையில் பல இடங்களில் ஒட்டுகிற ஜாதி. எங்கள் துறையில் கேலியாக அழுக்கு மருந்து என்போம். அப்படி ஒட்டுவதையே திட்டம் போட்டுச் செய்ய முடியுமா என்பதுதான் என் வேலை. வேண்டிய இரண்டு இடத்தில் ஒட்ட வேண்டும், வேண்டாத இடத்தில் ஒட்டக் கூடாது. சொல்லச் சுலபம்.

23 ஜூன்

ஆட்டம் குறைந்திருக்கிறது. இன்று சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். ஒன்று மாறிப் போட்டிருந்தார். நான் சரிசெய்யவில்லை. அப்படியே இருக்கட்டும்.

30 ஜூன்

குரல் மட்டும் வரவில்லை. அதற்கு இது மருந்தில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

14 ஜூலை

கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் சிரிப்புச் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து போனேன். யாரும் இல்லை. இவர் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, "அப்ப அந்த மொதலாளி டவுக்கே என்னடா சொன்னான்?" என்கிறார். குரல் — பழைய குரல்.

என்னைப் பார்த்ததும் சாதாரணமாகச் சொன்னார்: "வீரப்பன் வந்திருக்கான்."

வீரப்பன் இவர் லோரியில் மூட்டை ஏற்றி இறக்கக் கூடவே போய்க்கொண்டிருந்தவன். மலை இறக்கம் முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கலாய்த்துக்கொண்டே போவார்களாம். கொரோனா சமயத்தில் இறந்துபோனான். சவத்தைக்கூடப் பார்க்க விடவில்லை.

எனக்கு இது என்னவென்று உடனே தெரிந்தது. புது மருந்து போகக் கூடாத இடத்துக்கும் போயிருக்கிறது. இல்லாத ஆள் தெரிவது இந்த மருந்தில் எதிர்பார்க்க வேண்டியதுதான். வந்தால் உடனே சொல்லச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். நாளைக் காலையில் போன் செய்ய வேண்டும்.

15 ஜூலை

செய்யவில்லை.

20 ஜூலை

சாயங்காலமானால் வருகிறான். இவர் பேசுவதை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்கிறேன். தாப்பா சாலையில் முட்டைக்கோசெல்லாம் உருண்டு ஓடிய கதை, பின்னால் வந்த போலீஸ்காரர் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்த கதை. இதையெல்லாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். இல்லை, கேட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமைகளில் பாதி நேரம் என் கண் லேப்டாப்பில்தான் இருந்திருக்கும்.

இன்று பால் சேர்க்காமல் மூன்று தே ஓ போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை அப்படிப் போட்டது. காலி நாற்காலி முன்னால் மூன்றாவது கோப்பையை வைத்தேன். இவர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தியாடா, ஊசி போடத் தெரியாத டாக்டர் தே போடக் கத்துக்கிச்சி."

எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த அன்று வீரப்பன் வைத்த பேர் அது. அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இவர் என்னைக் கிண்டல் பண்ணி எத்தனை காலம்.

பேச்சுக்கு ஆள் வேண்டும் போலிருக்கிறது. அப்போது நான்? நான் ஆள் இல்லையா?

28 ஜூலை

பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் எட்டிப் பார்த்தார். முன்னறைப் பேச்சைக் கேட்டுவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"செத்தவனுக்குத் தினம் தே கொடுத்தா அவன் எப்படிலா போவான்? ஒரு படையல் போடு. பீரு, சிகரெட்டு, கோழிக்கறி. சாப்ட்டுப் போய்க்கிட்டே இருப்பான்."

பேயில்லை, மருந்தால் வருவது என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் போகவும் இல்லை. கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் இவரிடமே கேட்கிறார்: "தம்பி, மேல போயி எம் புருசன பாத்தானான்னு அவன்கிட்ட கேளு."

இவர் நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு, "பாத்தானாம்க்கா. நீங்க வந்துருவீங்களோன்னு பயந்துகிட்டுத்தான் இருக்காராம்."

அக்கா அடிவயிற்றிலிருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். போகும்போது படையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளைக்கும் வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

4 ஆகஸ்ட்

எங்கள் மூலக்கூறு பற்றிக் கூட்டம். இரண்டு புரதங்களிலும் அழகாக ஒட்டுகிறது. ஆனால் மூன்றாவது ஒன்றிலும் ஒட்டுகிறது. மனப்பிரமை வரவழைக்கக் கூடியது என்று எல்லோருக்கும் தெரிந்த இடம். இதை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம் என்றான் தினேஸ்வரன். நான் விடவில்லை. அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம், சிலருக்கு அது பெரிய தொந்தரவாக இருக்காது என்று வாதாடினேன். குரல் உயர்ந்துவிட்டது போல.

தினேஸ்வரன் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அந்த மூணாவது யாருக்கு வேணும்?"

லைன் சரியில்லை என்று துண்டித்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

11 ஆகஸ்ட்

எழுத முடியல.

மத்தியானம் நான் வேலையா இருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டிச்சி. மாரியம்மா அக்காதான்னு நெனச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல. லோரி நிக்குது, வீரப்பன் ஹார்ன் அடிக்கிறான்னு இவர் தேயிலை நிரைக்குள்ள எறங்கிப் போயிருக்காரு. செருப்புகூடப் போடல. ஈரச் சரிவு. கீழ கால்வாயில விழுந்து கெடந்திருக்காரு. செடிக்கு மருந்தடிக்கப் போன ஆளுங்க பாத்துத் தூக்கிட்டு வந்தாங்க.

தானா ராத்தா ஆஸ்பத்திரி. மணிக்கட்டு எலும்பு முறிவு. நெற்றியில தையல். தல கல்லுல அடிச்சிருந்தா? இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா?

இல்லாத ஆளைப் பாக்குறது எப்போலேர்ந்துன்னு அங்கே இருந்த டாக்டர் கேட்டாரு. சின்னப் பொண்ணு மாதிரி நின்னேன். ஜூலையிலேர்ந்துன்னேன். என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாரு. சொன்னேன். அவர் நிமிந்து என்னைப் பாத்தாரு.

அவர் குரல் வேணும்னு அவரையே —

13 ஆகஸ்ட்

ஈப்போ டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தே ஓ உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, அளவுகளைக் குறித்துக்கொண்டேன்.

25 ஆகஸ்ட்

பாதி அளவு. வீரப்பன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறான். வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுகிறான் என்கிறார் இவர். குரல் மறுபடி இறங்கிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நிற்கும்போதே ரயில் ஏறிப் போகிறவரைப் பார்ப்பது போல இருக்கிறது.

8 செப்டம்பர்

மருந்து முழுவதும் நின்றது. ஆட்டம் திரும்பிவிட்டது. வீட்டில் சத்தமே இல்லை. மாரியம்மா அக்கா எட்டிப் பார்த்தார். "வரலியா?" என்றார். தலையாட்டினேன். காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்.

22 செப்டம்பர்

தினேஸ்வரனைக் கூப்பிட்டு அந்த மூலக்கூறை விட்டுவிடலாம் என்றேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருஷ வேலை. அடுத்தது இன்னும் ஓர் இடத்தில்கூடச் சரியாக ஒட்டவில்லை.

ஒரு மருந்து ஒரு மனிதரில் எந்தெந்த இடத்தைத் தொடும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள் நான். அவர் பேச்சு எங்கே இருந்து வந்தது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிரமை ஆளைக் காட்டும். குரலைக் கொடுக்காது. பிறகு எது கொடுத்தது?

6 அக்டோபர்

கட்டுப் பிரித்து ஒரு வாரமாகிறது. மத்தியானம் விரல்களை ஒவ்வொன்றாக நீவி மடக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். ஜிங்க் கூரையில் மழை. அவர் உதடு அசைந்தது. கேட்கவில்லை. என்னங்க என்று குனிந்தேன்.

"வீரப்பன் இல்லேன்னு எனக்குத் தெரியும்."

விரலைப் பிடித்தபடியே இருந்தேன்.

"அந்த லோரி சத்தம் மட்டும்… அன்னிக்கி நெஜம்னு நெனச்சிட்டேன். மத்த நாளெல்லாம் தெரியும். நாற்காலியில உக்காந்திருப்பான். வாயே தொறக்க மாட்டான்."

அப்படியானால் முட்டைக்கோசு, போலீஸ்காரர், மாரியம்மா அக்கா புருஷன்? அத்தனையும் இவரே சொன்னதா? தெரிந்திருந்தால் எதற்காகப் பேசினீர்கள் என்று கேட்டேன். பதில் வர நேரமானது. அவருக்கு எல்லாமே நேரமாகும்.

"சத்தம் கேட்டு நீ எழுந்து வந்த. அடுக்களையில சிரிச்ச."

அவ்வளவுதான் சொன்னார். களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

இங்கே வந்ததிலிருந்து நான் இவரிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மாத்திரை போட்டீங்களா. பார்த்து நடங்க. சட்டை மாத்தலாமா. நர்ஸ்கூட இதைவிடக் கொஞ்சம் கூடப் பேசுவாள். அவர் வாய் திறக்கட்டும் என்று நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் இந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. காலையில் கூட்டத்தின் நடுவில் தினேஸ்வரன் மடியில் பூனை ஏறி, விசைப்பலகையில் நடந்து, ஆய்வக இயக்குநருக்கு அரைகுறைக் கடிதம் ஒன்று போய்விட்டது. அதைச் சொன்னேன். சரியாகச் சொல்லத் தெரியாமல் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முகம் அசையவில்லை. அந்த முகம் இப்போது அசையாது. ஆனால் உதடு அசைந்தது. மறுபடி குனிந்தேன்.

"கத சொல்லத் தெரியல ஒனக்கு," என்றார்.

நாற்காலியை இழுத்து, அவர் வாய் என் காதுக்கு எட்டுகிற தூரத்தில் போட்டுக்கொண்டேன். மழை விட்ட பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்.