காட்டுக்கு அத்தான் செய்த உதவி

ஜூன் 4
அக்காவுக்கு டாக்டர் மாத்திரை எழுதவில்லை, காட்டை எழுதியிருக்கிறார். ஊருக்கு வெளியே நாட்டு மரங்களை மீட்கும் குழுவோடு வாரத்தில் மூன்று நாள் காலையில் வேலை. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்தவள், பேச்சை மட்டும் அங்கேயே வைத்துவிட்டாள். அம்மாவின் கணக்கு எளிது: மரம் குணப்படுத்தும், அத்தான் வந்து கூட்டிப்போவார், சுபம். துணைக்கு நான். வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பவள் – அதாவது, அம்மா கணக்கில் வெட்டியாக இருப்பவள்.

ஜூன் 6
மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள் என்று பயந்தேன். கட்டிப்பிடிக்க மரமே இல்லை. கடப்பாரையைக் கொடுத்தார்கள். எங்கிருந்தோ வந்த முள்செடி குன்று முழுக்கப் பரவி, வேறெதையும் முளைக்க விடாமல் நிற்கிறது. பூ மட்டும் கொள்ளை அழகு. குழுத்தலைவிக்கு நான் வைத்த பெயர் தளபதி. "பூவைப் பார்த்து இரக்கப்படாதீங்கம்மா, வேரோட எடுங்க."
அக்கா எடுத்தாள். யார் முகத்தை நினைத்துக்கொண்டு என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 19
முதுகு வலி. இயற்கை என்னை இன்னும் குணப்படுத்த ஆரம்பிக்கவில்லை.

ஜூலை 2
களைந்த இடத்தில் நாட்டுக் கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கின்றன. பறவைகள் போட்ட விதையாம். எனக்குப் புல்லாகத்தான் தெரிகிறது. அக்கா குனிந்து, தளபதி சொன்ன பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். வாய்விட்டு.
பஸ்ஸில் என்னிடமும் பேசினாள்: "ஜன்னலை மூடாத."

ஜூலை 20
அம்மா அத்தானுக்கு போன் செய்துவிட்டாள். "இப்ப நல்லா பேசுறா, சாப்பிடுறா. வந்து கூட்டிட்டுப் போங்க." ரிப்பேர் முடிந்த மிக்சியா அவள்? அக்காகிட்ட யாராவது கேட்டாங்களா? மிக்சியை யார் கேட்பார்கள்.

ஜூலை 25
அத்தான் வெள்ளைச் சட்டையில் நேராகக் காட்டுக்கே வந்துவிட்டார். நாங்கள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் உதவி செய்ய முடிவெடுத்திருக்கிறார். திரும்பி வந்தால் இடம் பளிச்சென்று இருக்கிறது. நாட்டுக் கன்றுகள் எல்லாம் குவியலில். ஓரமாகத் துளிர்த்திருந்த முள்செடியை மட்டும், பூ அழகாயிருக்கிறதென்று விட்டுவைத்திருக்கிறார்.
உவமையைக் கண்டால் பாயும் ஜென்மம் நான். இன்று வாயைப் பொத்திக்கொண்டேன்.
"புல்லுன்னு நினைச்சேன். உன் வேலையைக் குறைக்கத்தானே செஞ்சேன்?"
அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"
"இதுக்கெல்லாமா கேட்பாங்க?"
"எதுக்குக் கேட்டிருக்கீங்க?"
அவர் என்னைப் பார்த்தார். நான் வானிலையை ஆராய்ந்தேன்.
"நான் வரலை. நீங்க கிளம்புங்க." சொல்லிவிட்டு, பிழைக்கக்கூடிய கன்றுகளைத் தேடிக் குவியலருகே உட்கார்ந்தாள்.

ஜூலை 26
அம்மா டாக்டரைத் திட்டினாள், தளபதியைத் திட்டினாள், மரத்தையும் விடவில்லை. "குணமாகட்டும்னுதானே அனுப்பினேன்." ஆயிட்டாளே அம்மா, அதுதானே உனக்குப் பிரச்சினை. சொல்லவில்லை. எழுதத்தான் எனக்கு வீரம்.

ஆகஸ்ட் 11
என் அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து அக்கா தன் துணிகளை அடுக்கிவிட்டாள். என் நாவல்கள் தரையில். கேட்டால், "கீழ படுத்தா செத்துடாது" என்கிறாள். சண்டை போட்டேன், தோற்றேன்.
சாயங்காலம் அம்மா வாசல் சாவிக்கு இன்னொரு நகல் எடுத்து வந்தாள். தன் சாவிக்கும் என் சாவிக்கும் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.